முழங்கைக்குக் கீழே

நாலாவது நாளாகத் தமயந்தி வாஷ்பேசின் கண்ணாடிக்கு முன்னால் நின்று அறுபது வரை எண்ணிக்கொண்டே முகம் தேய்த்தாள். அறுபது என்பது மகள் சுவர்ணா சொன்ன அளவு. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் அவள் மூன்று டியூப்களை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, எதை எப்போது போடுவது என்று வாட்ஸப்பில் பேசியும் அனுப்பியிருந்தாள். பத்து டப்பா பன்னிரண்டு டப்பா எல்லாம் வேண்டாம்மா, மூணே மூணுதான், கழுவு, ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் பூசு, வெளிய கிளம்பறதுக்கு முன்னாடி சன்ஸ்க்ரீன் போடு, ராத்திரிக்கு முதல் ரெண்டு போதும், எலுமிச்சம்பழம் கடலைமாவு எதையும் மூஞ்சில வச்சு அரக்காத, ஒரே ஒரு மாசம் விடாம செய், என் நிச்சயதார்த்த போட்டோவைப் பாத்துட்டு எல்லாரும் அக்கா தங்கச்சியான்னு கேப்பாங்க. தமயந்தி அதை நாலைந்து முறை கேட்டாள். நாற்பத்தெட்டு வயதுவரை அவளுடைய தோலைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் போஸ்டாபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற முகம், குளிக்கிற சோப்பையே போட்டுக் கழுவி, முந்தானையால் துடைத்து, பொட்டு வைத்துக்கொண்டு கிளம்புகிற முகம். முதல் நாள் நுரையை வழித்துவிட்டுப் பார்த்தபோது மூக்கின் இரண்டு பக்கமும் இருந்த கருமையை, கண்ணுக்குக் கீழே இருந்த சிறு மரு ஒன்றை, வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எண்ணுவது பிடித்திருந்தது. எண்ணும்போது வேறு நினைப்பு வராது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. இன்றைக்கு எண்ணிக்கைக்கு அடியில் வேறொன்று ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பத்தொன்றைச் சொன்னோமா, சொல்லவில்லையா. மறுபடி முப்பதிலிருந்து ஆரம்பித்தாள். கன்னம் எரியத் தொடங்கியது. எரியட்டும், எரிந்தால் நல்லது, எரிகிறது என்றால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

முகத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டு படுக்கையறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஹாலில் கணவர் ஞானசேகரன் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு அவர் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பொன்மலைக் குவார்ட்டர்ஸில் இந்த நேரத்துக்கு ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வரும், எதையும் மறைக்க முடியாத வெளிச்சம். க்ரீமை அவள் பிரிட்ஜில் வைத்திருந்தாள், அதுவும் சுவர்ணா சொன்னதுதான், சில்லென்று இருந்தால் முகத்துக்கு இதமாக இருக்குமாம். அந்தச் சில்லிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. முகத்தில் போடுவதற்கு முன்னால் கையில் கொஞ்சம் தடவிப் பார், எரியுதா அரிக்குதான்னு ஒரு நாள் பாத்துட்டு அப்புறம் போடு என்று மகள் சொல்லியிருந்தாள். முதல் நாள் தமயந்தி இடது கையைத் தேர்ந்தெடுத்தாள், முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம், அங்கேதான் ஒரு தேமல் இருந்தது, க்ரீம் போட்டால் அதுவும் போகட்டுமே என்று ஒரு சின்னப் பேராசை. புறங்கையிலிருந்து மேல்நோக்கி இழுத்தாள். சில், சில், சில் என்று குளிர்ச்சி விரலோடு ஏறி வந்தது. அப்புறம் நின்றது. விரல் நிற்கவில்லை, குளிர்ச்சி நின்றது. விரல் மேலே போய் முழங்கையைத் தொட்ட இடத்தில் குளிர்ச்சி மறுபடி ஆரம்பித்தது. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. க்ரீம் அதற்குள் சூடாகியிருக்கும் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டாள். சூடாகிவிட்ட க்ரீம் முழங்கையில் எப்படி மறுபடி சில்லென்று இருக்கும் என்று ஆபீசில் ஒரு ஸ்பீட் போஸ்ட் கவரை எடை போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. கவருக்குச் சொந்தக்காரர், மேடம், ரசீது என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் கழுத்துக்கும் கைக்கும் க்ரீம் பூசியபோது விரல்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயின. வாசலில் படுத்திருக்கும் நாயைத் தாண்டிப் போகாமல் சுற்றிப் போவதுபோல, எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

தேமல்தானே. போன வருஷம் ஆடி மாசத்திலிருந்து இருக்கிறது, அதற்கு முன்பே இருந்திருக்கலாம், கையின் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள். வெளிறிப்போய், ஒரு சின்ன வெற்றிலை அளவுக்கு, ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து. வேப்பிலை அரைத்துப் போட்டாள், மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டாள், போகவில்லை, அரிக்கவும் இல்லை. அரிக்கவில்லை என்பதைப் பற்றி அப்போது சந்தோஷப்பட்டாள். அந்த இடத்தில் முடியும் இல்லை, இப்போது வெளிச்சத்தில் பார்த்தால் தெரிகிறது, சுற்றிலும் பூனைமுடி இருக்கிறது, அங்கே மட்டும் மழமழவென்று வறண்டு கிடக்கிறது. அதன் நடுவில் பழுப்பாக ஒரு கோடு. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், பார்த்துவிட்டாள். போன மாசம் இட்லிக் குண்டானை இறக்கியபோது பட்டது. பட்டது என்று அவளுக்குத் தெரியாது, அதுதான் விஷயம். சாயங்காலம் ஞானசேகரன்தான் பார்த்துவிட்டு, என்ன இது, கொப்புளம் போட்டிருக்கு, எப்பச் சுட்டுக்கிட்ட என்று கேட்டார். காலையில அவசரத்துல கவனிக்கல என்று அவள் சொன்னாள். சொல்லும்போது அது பொய்யாகவும் இல்லை. வேலைக்குப் போகிற எந்தப் பொம்பளைக்கும் அடுக்களையில் சூடு படத்தான் செய்யும், நாலைப் பார்ப்பாள், ஐந்தாவதை விட்டுவிடுவாள். ஆனால் கொப்புளம் போடுகிற சூட்டை யார் விடுவார்கள். அதையும் விட்டவர் ஒருவரை அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு நினைப்பு வந்துவிடக் கூடாது என்றுதான் நாலு நாளாக அறுபது எண்ணினாள், முப்பது எண்ணினாள். இப்போது வந்தேவிட்டது. பரஞ்சோதி மாமா அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவார்.

அம்மாவின் கடைசித் தம்பி அவர். லால்குடி வீட்டில் இரண்டு வருஷம் அவர்களோடு இருந்தார், தமயந்திக்கு அப்போது ஏழு வயசோ எட்டு வயசோ. பொங்குகிற பாலைத் துணி பிடிக்காமல் தூக்கி இறக்கி வைப்பார், அவள் கை தட்டுவாள், இன்னொரு தடவை மாமா என்பாள். எங்க மாமாவுக்குச் சூடே தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறாள். ஒரு பாயில் அவருக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள், அவர் ஊதி ஊதி ஆற்றிய டீயை அதே தம்ளரில் குடித்திருக்கிறாள். பிறகு ஒரு நாள் அவர் இல்லை. வடக்கே வேலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவர் உட்கார்ந்த நாற்காலியை அப்பா பின்கட்டில் போட்டு பினாயில் ஊற்றிக் கழுவியதை அவள் பார்த்தாள், ஏன் என்று கேட்டதற்கு, பல்லி எச்சம் என்றார். அந்த நாற்காலி அதற்கப்புறம் வீட்டுக்குள் வரவே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூட வாசலில் முழுக்கைச் சட்டை போட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் நின்றார். புருவத்தில் முடி இல்லை. தமா என்று கூப்பிட்டார். அப்படி அவளைக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். துண்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார், நீட்டியபோது துண்டு விலகி மடங்கிப்போன விரல்கள் தெரிந்தன. பக்கத்தில் நின்ற தோழி, யாருடி அது என்றாள். தெரியல என்றாள் தமயந்தி. சத்தமாகத்தான் சொன்னாள், அவருக்குக் கேட்கும்படி. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, சரிதான், ஆள் மாறிப்போச்சு பாப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் சொல்லவில்லை. அவர் எப்போது செத்தார், எங்கே செத்தார் என்று அம்மா சாகும்வரை சொல்லவில்லை. கல்யாணத்துக்குமுன் ஒருமுறை, ஞானசேகரனிடம் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னாள், எதைச் சொல்லக் கூடாது என்று பெயர் வைத்துச் சொல்லாமலே. இருபத்தேழு வருஷம் ஆகிறது. நாற்பது வருஷம் ஒரு கிருமி உடம்புக்குள் ஒன்றும் செய்யாமல் படுத்திருக்குமா. இருக்காது. எங்கிருந்து வந்தால் என்ன, வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வந்திருக்காது. தேமல்.

யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம், கேட்கக்கூட வேண்டாம், அவர்களே வந்து கேட்டார்கள். போன வருஷம் மழைக்காலத்தில் இரண்டு பெண்கள் குடையும் ரிஜிஸ்தருமாக வாசலில் வந்து நின்றார்கள். சுகாதாரத் துறையிலிருந்து வீடு வீடாகப் பார்க்கிறோம்க்கா, வீட்டுல யாருக்காவது உடம்புல உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கா என்று அதில் சின்னவள் கேட்டாள். தமயந்தி கிரில் கதவைத் திறக்காமலே, அதெல்லாம் எங்க வீட்ல இல்லைம்மா என்றாள். கதவுக் கம்பியைப் பிடித்திருந்தது இந்த இடது கைதான். அந்தப் பெண் மனப்பாடமாகச் சொன்னாள், யாருக்கு வேணாலும் வரலாம்க்கா, மாத்திரை இலவசம், ஆறு மாசமோ ஒரு வருஷமோ சாப்பிட்டா சரியாயிடும், மாத்திரை ஆரம்பிச்சுட்டா மத்தவங்களுக்கும் பரவாது, சீக்கிரம் பாத்தா கை கால் எதுவும் ஆகாது. சுவரில் சாக்பீஸால் ஏதோ குறி போட்டுவிட்டுப் போனார்கள், மழை அதை அழித்துவிட்டது. சரியாகிவிடும் என்பது தமயந்திக்குத் தெரியாமல் இல்லை. சரியாகிற வியாதியைச் சுமந்துகொண்டு ஒரு வருஷம் எந்த முகத்தோடு நடப்பது. அந்த மாத்திரையை எங்கே வைப்பது, எந்த டப்பாவில், என்ன பெயர் சொல்லி. கவுண்டரின் ஓட்டை வழியாக ஒரு நாளைக்கு இருநூறு கைகள் உள்ளே வருகின்றன, அவள் விரல் படாமல் ஒரு கவர்கூட வெளியே போவதில்லை. தெரிந்தால் பக்கத்துக் கவுண்டர் பார்வதிநாதன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார், ஒன்றும் சொல்லமாட்டார், நல்ல மனிதர், தள்ளி மட்டும் போட்டுக்கொள்வார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உங்க பக்கம் சுகர், பிரஷர் ஏதும் உண்டுங்களா, தப்பா நினைச்சுக்காதீங்க, இந்தக் காலத்துல கேட்டுக்கறது நல்லது பாருங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஒண்ணும் இல்லைங்க, எங்க பக்கம் எல்லாருமே கெட்டிதான் என்று தமயந்தியும் சிரித்துக்கொண்டே சொன்னாள். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். இருபத்து மூன்று நாளில் என்ன ஆகிவிடப்போகிறது. ஒரு வருஷம் சும்மா இருந்தது இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்காதா. அது முடியட்டும், பிறகு கல்யாணம் தை மாசம், அதுவும் முடியட்டும். முழுக்கை ஜாக்கெட் தைத்துக்கொண்டால் போயிற்று, சுவர்ணா கேட்டால் பேஷன் என்று சொல்லலாம். முழுக்கைச் சட்டை. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். மாமாவும் இப்படித்தான் ஒரு நாள் காலையில் தனியாக உட்கார்ந்து, முழுக்கைச் சட்டை தைத்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்திருப்பார்.

புடவையில் குத்துவதற்காக எடுத்து வைத்த ஊக்கு மெத்தையின்மேல் கிடந்தது. அதை விரித்தாள். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, முதலில் வலது கையால் இடது உள்ளங்கையில் லேசாகக் குத்தினாள். சுருக்கென்றது. மணிக்கட்டில் குத்தினாள், சுருக்கென்றது. அந்தச் சுருக்கில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரிந்ததில்லை. மேலே போனாள். குத்தினாள். குத்தினோமா. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், லேசாக ஏதோ தள்ளுகிற மாதிரி இருந்தது, எலும்புக்குப் பக்கத்தில், வெகு தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது, பாரேன், இருக்கத்தான் செய்கிறது என்று கண்ணைத் திறந்தாள். ஊக்கின் முனை உள்ளே போயிருந்தது. எடுத்தபோது சிவப்பாக ஒரு முத்து வந்து நின்றது. அவள் அதையே பார்த்தாள். தன் ரத்தம் வருவதைத் தான் வேடிக்கை பார்க்கிறோம் என்று தோன்றியது. இல்லை, இதில் ஒன்றும் தெரியாது. குத்துகிற கையும் தன் கைதான், குத்தப்போகிறோம் என்று முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, பயத்தில் எல்லாம் மரத்துப்போகும், பல் பிடுங்கப் போய் உட்கார்ந்தால் டாக்டர் தொடுவதற்கு முன்னாலேயே வலிக்கவில்லையா, அதற்கு இது தலைகீழ். தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது, அதைப்போலத்தான் இதுவும். வேறொரு கை வேண்டும். தெரியாத நேரத்தில், சொல்லாமல் வந்து தொடுகிற கை. ஆனால் வேறொரு கை வந்தால் வேறொரு ஆளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால், இது இரண்டு பேர் விஷயம் ஆகிவிடும், பிறகு அவளால் அதைத் தேமல் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ரத்தத்தை முந்தானையால் அழுத்தினாள். அழுத்துவதும் தெரியவில்லை, முந்தானை பிடித்த விரல்களுக்குத்தான் தெரிந்தது.

கதவு தட்டப்பட்டது. ஞானசேகரன் தட்டிவிட்டுத்தான் வருவார், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மூக்குக் கண்ணாடியைக் கட்டில்மேல் வைத்துவிட்டேன் என்று உள்ளே வந்தவர், இன்னும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று நின்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஒன்றுமில்லை என்பது ரெடியாக இருந்தது, சொல்லியே ஆயிற்று என்பதுபோல அவ்வளவு பக்கத்தில் இருந்தது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் போய்விடுவார், கதவு சாத்திக்கொள்ளும், இருபத்து மூன்று நாள் ஓடும். அவர் கண்ணாடியைத் தேடவில்லை, அவளுடைய முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ரத்தம் பட்டிருந்தது.

“ஏங்க, இப்படி வந்து உக்காருங்க,” என்றாள் தமயந்தி. “நான் கண்ணை மூடிக்கிறேன். நீங்க இந்தக் கையில அங்கங்க ஒரு விரலால தொடுங்க. எங்க தொடுறீங்கன்னு நான் சொல்றேன்.”

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். கட்டில் அவர் எடைக்கு அமுங்கியது. அவள் கண்ணை மூடினாள். இமைக்குள் ஜன்னல் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் இரும்பைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன விரல், சொரசொரவென்று ஒன்று அவள் மேல் இறங்கியது. மணிக்கட்டு, என்றாள். எடுத்தது. மறுபடி இறங்கியது. உள்பக்கம், நரம்பு ஓடுற இடம், என்றாள். சரி என்றார். குரல் சாதாரணமாக இருந்தது, விளையாட்டுக்குக் கூப்பிட்டால் வருகிற குரல். முழங்கை மடிப்பு, என்றாள். சரி. சரியாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு இலேசாகிக்கொண்டே வந்தது. பாரேன், எல்லாம் தெரிகிறது. பயம்தான், வெறும் பயம்தான், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற நேரத்தில் எந்தத் தாய்க்கும் வருகிற பயம். கட்டைவிரல், என்றாள். சரி. பிறகு அவள் காத்திருந்தாள். அடுக்களையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்து அடங்கியது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கடக் என்றது. அவர் யோசிக்கிறார் போலிருக்கிறது, எங்கே தொடலாம் என்று. இல்லை, அவருக்கு அலுத்துவிட்டது, நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்க்கிறார். கண்ணைத் திறந்துவிடலாம். திறக்கக் கூடாது. அவருடைய மூச்சு பக்கத்தில் கேட்டது, முன்னைவிட வேகமாக.

“தொடுங்க,” என்றாள்.

மின்விசிறி இன்னொரு முறை கடக் என்றது.

“என்னங்க, தொடுங்கன்னா.”

“தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், தமயந்தி.”

அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு விரல் இல்லை. அவருடைய கை முழுவதும் முழங்கைக்குக் கீழே அந்த இடத்தைப் பொத்திப் பிடித்திருந்தது, பிடித்த வேகத்தில் அவர் நகங்களுக்கடியில் வெளுத்திருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். எடுக்கப்போகிறார், இப்போது எடுப்பார், எடுத்து வேட்டியில் துடைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். அவர் எடுக்கவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிடு, நானும் சொல்லிவிடுகிறேன், பெரியாஸ்பத்திரியில் எட்டு மணிக்குச் சீட்டு கொடுப்பார்கள், முதல் ஆளாகப் போய் நின்றுவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். என்ன வியாதி என்று சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. சுவர்ணாகிட்ட என்று அவள் ஆரம்பித்தாள். நான் பேசறேன் என்றார். அவர் கை அங்கேயேதான் இருந்தது. அது சூடாக இருக்கிறதா, குளிர்ந்துபோயிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.